காற்றரிப்பைத் தடுத்துக் கைவிட்ட நிலங்களை மீட்கும் முறை
(நெய்வேலிச் சுற்றுப்புறக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு)

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் பெரியோர் சொல்லி வைத்தனர். அம்மி பறந்ததை ஒருவரும் கண்டதில்லை. ஆயினும் நம் நிலத்தின் மேல்மண் ஆண்டுதோறும் நம் கண்ணெதிரே பறந்துகொண்டிருக்கின்றது. அதைத் தடுப்பதற்கு நம்மில் எத்தனை பேர் முயன்றோம் என்று கேட்டால் விடை சொல்வது கடினமே. மழை நீர் மண்ணை அரித்துக்கொண்டு போனால் வாய்க்காலில் செந்நீராக அது தெரியும். குடியானவர் உடனே கரை கட்டுவார். காற்று அரித்துச் செல்வதோ தூசியென்று எண்ணப்பட்டு, முகத்தைத் துடைத்துக் கொள்வதோடு மறக்கப்படுகின்றது. இந்த மறதியின் விலை என்னவென்பதையும், விளைச்சல் குன்றிக் கைவிடப்பட்ட நிலங்களை மீண்டும் உயிருள்ள நிலங்களாக்கும் வழி யாதென்பதையும் இக்கட்டுரையில் விளக்குவோம்.

நிலத்தின் நிலைமை

1993ஆம் ஆண்டு வரை தென்னாற்காடு என வழங்கிய பெரிய ஜில்லாவிலிருந்து பிரிந்த கடலூர் ஜில்லாவில், பண்ணுருட்டிக்கும் விருத்தாசலத்துக்கும் இடைப்பட்ட செம்மண் மேட்டுப் பிரதேசம் முந்திரிக்கும் பலாவுக்கும் மணிலாக் கொட்டைக்கும் பெயர் பெற்றது. அடியில் கடலூர் மணற்கல் என்னும் பாறை அடுக்கு இருக்கின்றது. அது நைந்து உண்டான செம்மண், மணல் மிகுந்தும் களி குறைந்தும் உள்ளது. இத்தகைய மண்ணில் நீர் விரைந்து இறங்கும்; வேரும் எளிதில் ஓடும். ஆனால் ஈரம் உலர்ந்தவுடன் துகள்கள் ஒன்றையொன்று பற்றி நில்லாமல் உதிர்ந்துவிடும். இதுவே காற்றுக்கு வாய்ப்பான மண்.

இப்பிரதேசத்தில் மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகை மாதங்களில், பெய்கின்றது. வைகாசி முதல் ஆடி வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வறண்ட காற்று வேகமாக வீசுகின்றது. இறவை மணிலாவைச் சித்திரையில் பிடுங்கி எடுத்தபின் நிலம் தளர்ந்து, செடியோ தாளோ இன்றி வெறுமையாகக் கிடக்கும் காலமும் இதுவே. பயிர் இல்லாத நிலம், ஈரம் இல்லாத மண், தடை இல்லாத காற்று ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் கூடுகின்றன. தீமை விளைய வேறென்ன வேண்டும்?

இவ்விடத்துக்கே உரிய நான்காவது காரணம் ஒன்றும் உண்டு. 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டுகையில் கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அது பழுப்பு நிலக்கரி எனப் பின்னர் தெளியப்பட்டது. 1956இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பொரேஷன் நிறுவப்பெற்றது. 1957 மே 20ஆம் தேதி பிரதமர் ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961இல் கரி கண்ணுக்குத் தென்பட்டது. இது தரைக்கு அடியில் குடைந்து செல்லும் சுரங்கமன்று. மேலேயிருந்தே திறந்து வெட்டப்படும் சுரங்கம். ஒரு டன் கரி எடுக்க, அதற்கு மேலுள்ள மண்ணை 5 கன மீட்டருக்கு மேல் வெட்டி அகற்ற வேண்டியிருக்கின்றது. பெருஞ்சக்கரத்தில் வாளிகள் பூட்டிய இயந்திரங்கள் அம்மண்ணை வெட்டுகின்றன. ஓடும் பட்டைகள் அதைச் சுமந்து செல்கின்றன. மற்றோர் இயந்திரம் அதைக் கொட்டிப் பரப்புகின்றது. இவ்வாறு குவிந்த கொட்டுமண் மேடுகள் பல மைல் தூரத்திலிருந்தும் தெரிகின்றன.

கரிக்கும் மின்சாரத்துக்கும் நாடு கடமைப்பட்டிருக்கின்றது. அதற்காகத் தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தை விட்டுக்கொடுத்த குடும்பங்களுக்கும் நாடு கடமைப்பட்டிருக்கின்றது. 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வளையமாதேவி என்னும் ஊரில், நெற்பயிர் நின்ற வயலில் வாய்க்கால் வெட்ட இயந்திரங்கள் இறங்கியபோது எழுந்த துயரம் பலர் நினைவில் இருக்கும். ஆகையால் நிலத்தை மீட்பது எப்படி என்னும் கேள்வி இங்கே விவசாய நுணுக்கம் மட்டும் அன்று. ஊரார் பிழைப்பைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

காற்று மண்ணைக் கொண்டு செல்லும் விதம்

பகைவனை வெல்ல வேண்டுமானால் அவன் நடையை அறிய வேண்டும். காற்று மண்ணை மூன்று விதமாக எடுத்துச் செல்கின்றது.

முதலாவது உருளல். அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருமணல் தரையை விட்டு எழாமல் உருண்டு செல்லும்.

இரண்டாவது துள்ளல். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் அரை மில்லிமீட்டர் வரையுள்ள மணல், சிறிது உயரம் எழும்பிக் காற்றோடு பாய்ந்து மீண்டும் தரையில் மோதும். ஒவ்வொரு மணியும் மோதும்போது மற்றும் சில மணிகளைக் கிளப்பிவிடும். பெயரும் மண்ணில் பெரும்பகுதி இவ்விதமே பெயர்கின்றது. இத்துள்ளல் பெரும்பாலும் தரையினின்று ஒன்றிரண்டு அடி உயரத்துக்குள்ளேயே நடைபெறுகின்றது. இளஞ்செடிகளின் தண்டு அடிப்பாகத்தில் தேய்ந்து கருகுவதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது பறத்தல். மிக நுண்ணிய வண்டலும் களியும் மேலெழுந்து, வானத்தில் மிதந்து, பல மைல்களுக்கு அப்பால் போய் விழும். பயிருக்கு உணவாகும் சத்துக்களும் மக்கிய தழைப் பொருளும் இந்நுண்துகள்களிலேயே மிகுதியாக ஒட்டியிருக்கின்றன. ஆகவே பறந்து போவது மண்ணின் சாரம். நமக்கு மிஞ்சுவது சக்கை. செம்மண் நிலம் ஆண்டுக்காண்டு வெளுத்து, மணல் மட்டும் தெரியத் தொடங்குமானால் அதன் பொருள் இதுவே.

ரால்ப் பாக்னால்டு என்னும் ஆங்கிலேய எஞ்சினீயர் லிபியப் பாலைவனத்தில் உலவி, மணல் பெயர்ச்சியைச் சோதித்து, 1941இல் ஒரு நூல் வெளியிட்டார். காற்றின் வேகம் இரட்டித்தால், அது மணலைச் சுமக்கும் வல்லமை ஏறத்தாழ எட்டு மடங்காகும் என்பது அவர் கண்ட கணக்கிலிருந்து பெறப்படுகின்றது. இது அச்சமூட்டும் செய்தியாயினும் இதற்குள் ஒரு நற்செய்தியும் அடங்கியிருக்கின்றது. காற்றின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அதன் சுமக்கும் வல்லமை எட்டில் ஒரு பங்காகிவிடும். மேலும், தரையினின்று ஓர் அடி உயரத்தில் மணிக்குச் சுமார் 13 மைல் வேகம் எட்டும் வரை மண் பெரும்பாலும் அசையாது. காற்றை முற்றிலும் நிறுத்த வேண்டியதில்லை. தரையருகே அதன் வேகத்தை இந்த அளவுக்குக் கீழே தாழ்த்தினால் போதும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் ஒரே மில்லிமீட்டர் கனமுள்ள மண் போய்விட்டால், அது சுமார் 4 கன மீட்டர். எடையில் 6 டன். ஒரு வண்டிக்கு அரை டன் என்று வைத்துக்கொண்டால் 12 வண்டி மண். ஒரு மில்லிமீட்டர் குறைந்ததை எந்தக் கண்ணும் காணாது. ஆனால் 12 வண்டி எருவை ஒருவன் இரவில் திருடிச் சென்றால் நாம் போலீஸில் எழுதி வைக்க மாட்டோமா?

சோதித்து அறிய இரண்டு எளிய வழிகள் உண்டு. உலர்ந்த மேல்மண்ணை ஒரு கூடை எடுத்துக் கேழ்வரகு நழுவும் சல்லடையில் மெதுவாகச் சலியுங்கள். மூன்றில் இரண்டு பங்கு கட்டியாகச் சல்லடையில் நின்றால் அந்நிலத்துக்கு அபாயம் குறைவு. பெரும்பகுதி கீழே உதிர்ந்தால் அபாயம் மிகுதி. அன்றியும், பங்குனியில் நிலத்தின் நான்கு இடங்களில் முளை அடித்துத் தரைமட்டத்தில் கோடு கீறி வையுங்கள், ஆவணியில் பாருங்கள். கோட்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைச் சங்கத்துப் புத்தகத்தில் எழுதி வைத்தால், மூன்று ஆண்டுகளில் உண்மை தானே வெளிப்படும்.

பிற இடங்களில் கண்ட பாடம்

இந்தத் தீங்கு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் நடுப்பகுதியில் புல்வெளிகளை உழுது கோதுமை விதைத்தனர். 1930களில் மழை பொய்த்தபோது மண் கிளம்பிப் பகலை இரவாக்கியது; பல்லாயிரம் குடும்பங்கள் ஊரை விட்டு வெளியேறின. அந்த அரசாங்கம் 1935இல் மண் பாதுகாப்பு இலாகா ஒன்றை அமைத்தது. 1942க்குள் காற்றுத் தடுப்பு வரிசைகளாக ஏறத்தாழ 22 கோடி மரங்கள் நடப்பட்டன. ஆயின் பிற்காலத்தில் பெரிய இயந்திரங்களுக்கு இடம் வேண்டி அம்மரங்களில் பலவற்றை அந்நாட்டாரே வெட்டினர். துன்பம் நீங்கினால் மருந்தை மறப்பது மனித இயல்பு போலும்.

நம் தேசத்தில் ராஜஸ்தான் பாலைவனத்துக்காக ஜோத்பூரில் 1952இல் ஒரு காடு வளர்ப்பு நிலையம் தொடங்கப்பெற்று, 1959இல் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. ஓடும் மணற்குன்றுகளைக் கட்டுப்படுத்த அவர்கள் கையாண்ட முறை நமக்கும் ஏற்றது. முதலில் ஆடுமாடுகள் புகாமல் அடைத்தனர். பின்னர் அங்கே கிடைக்கும் புதர்களை வெட்டிக் காற்றுக்குக் குறுக்கே வரிசையாகப் புதைத்தனர். அவ்வரிசைகளின் நிழலில் புல்லும் மரமும் வளர்த்தனர். அடைப்பு, தடுப்பு, நடவு என்னும் இவ்வரிசை முறை தவறலாகாது. நட்டபின் தடுப்பு வைப்பவன், பயிர் மேய்ந்தபின் வேலி கட்டுபவனை ஒப்பான்.

நம் தமிழ் நாட்டில் தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களில் சாத்தான்குளம், உடன்குடி, திசையன்விளைப் பக்கங்களில் தேரி என்னும் செம்மணற் காடுகள் உள்ளன. மேற்கு மலைக் கணவாய்கள் வழியே வரும் காற்று அம்மணலை இடம்விட்டு இடம் குவித்து வந்திருக்கின்றது. அங்கே பனையும் முந்திரியும் மணலைப் பிடித்து நிறுத்தியதோடு குடிகளுக்குப் பிழைப்பும் தந்தன.

நமக்கு மிக அண்மையில் உள்ள சான்று ஆரோவில். நெய்வேலிக்கு வடகிழக்கே சுமார் 40 மைலில், புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்த மேட்டு நிலத்தில் 1968 பிப்ரவரி 28ஆம் தேதி அது தொடங்கப்பெற்றது. அப்போது அந்நிலம் நிழலற்ற செம்பொட்டல். மழை பெய்தால் செந்நீர் கடலுக்கு ஓடும். கோடையில் செம்புழுதி பறக்கும். அங்கே குடியேறியவர் முதலில் வரப்புகள் அமைத்து மழை நீரை விழுந்த இடத்திலேயே நிறுத்தினர். பிறகு வறட்சியைத் தாங்கி விரைவில் வளரும் வேற்று நாட்டு மரங்களை நிழலுக்காக நட்டனர். அந்நிழலில் நம் கடற்கரை நாட்டுக்கே உரிய வறண்ட பசுமைக் காட்டின் மரங்களை வளர்த்தனர். இன்று அது காடாக நிற்கின்றது. நம் மண்ணும் அதற்கு உறவான மண்ணே.

கொட்டுமண்ணின் தனித்தன்மை

உழுது களைத்த வயலும் சுரங்கக் கொட்டுமண்ணும் ஒன்றல்ல. களைத்த வயலில் சத்துக் குறைந்திருப்பினும், விதையும் வேரும் நுண்ணுயிரும் கொஞ்சமேனும் எஞ்சியிருக்கும். கொட்டுமண்ணோ பல அடி ஆழத்தில் சூரியனைக் காணாதிருந்த மண். அதில் மக்கிய பொருள் இல்லை. தழைச்சத்து இல்லையென்றே சொல்லலாம். வேருக்குத் துணை செய்யும் பூஞ்சையும் இல்லை. மணலும் களியும் தாறுமாறாகக் கலந்திருப்பதால் ஓரிடத்தில் நீர் நில்லாது ஓடும். மற்றோரிடத்தில் இறுகிக் கட்டியாகும். மேட்டின் சரிவில் மழையும் காற்றும் மாறி மாறி வேலை செய்கின்றன. மழைக்காலத்தில் இறங்கிய கொட்டுமண் பல்லாண்டுகள் வாலாஜா ஏரியைத் தூர்த்துவிட்டதும், பிறகு அந்த ஏரி தூர் வாரப்பெற்றதும் இப்பக்கத்தார் அறிந்ததே.

ஆகையால் சுரங்க நிலத்தை மீட்பதில் தலையாய விதி ஒன்று: வெட்டும் முன் மேலுள்ள வளமண்ணைத் தனியே எடுத்துக் காத்து, குழி நிரப்பியபின் மேலே பரப்ப வேண்டும். அப்படிச் செய்த இடத்தில் சில ஆண்டுகளில் பயிர் காணலாம். அடிமண் மேலே வந்து வளமண் அடியில் புதைந்துவிட்டால், அதே நிலையை அடையப் பல மடங்கு காலமும் செலவும் ஆகும். நெய்வேலியில் நிரப்பப்பட்ட நிலங்களிலும் மேட்டுச் சரிவுகளிலும் மரங்கள் வளர்க்கப்பட்டுள்ளன. மீட்ட நிலத்தில் பயிர்ச் சோதனைகளும் நடந்துள்ளன. எனவே மீட்பது கூடாத காரியம் அன்று. எவ்வளவு விரைவில், எவ்வளவு நன்றாக, யாருடைய நன்மைக்காக மீட்பது என்பதே கேள்வி.

இது பற்றி அங்கத்தினர் அறிந்திருக்க வேண்டிய சட்ட விஷயங்கள் இரண்டு. நிலக்கரிச் சுரங்கம் ஒவ்வொன்றும் தன் நிலத்தை எவ்வாறு படிப்படியாக மீட்டு முடிக்கும் என்னும் மூடல் திட்டம் வகுக்க வேண்டுமென்றும், அதற்கான தொகையைத் தனிக் கணக்கில் கட்டி வர வேண்டுமென்றும் மத்திய நிலக்கரி அமைச்சு 2009இல் நெறிமுறை வகுத்து, பின்னர் அதைத் திருத்தியும் வந்திருக்கின்றது. சுற்றுச்சூழல் பாதிப்புப் பற்றிய 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, பெரிய சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடத்தப்படுகின்றது. அக்கூட்டத்துக்குச் செல்லும் அங்கத்தினர் கூச்சலிடுவதற்குப் பதிலாக, வளமண் எங்கே சேர்த்து வைக்கப்படும், எந்த ஆண்டில் எத்தனை ஏக்கர் மீட்கப்படும், என்ன மரம் நடப்படும், மீட்ட நிலத்தை யார் அனுபவிப்பார் என்னும் நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்துப் பதிலைக் குறிப்பில் ஏற்றச் செய்வது மேலானது.

நாம் செய்யக்கூடிய வேலை

இனி, நம் கையிலுள்ள நிலங்களுக்கு வருவோம். விதைச் செலவுக்கும் கட்டாத மேட்டு நிலங்கள் நம் ஊர்களில் உண்டு. அவற்றை ஐந்தாண்டு காலம் உழவிலிருந்து ஓய்வு பெறச் செய்து, கீழ்க்காணும் வரிசையில் வேலை செய்யலாம்.

1. உழவை நிறுத்துதல். பங்குனி முதல் ஆடி வரை ஓய்வு நிலத்தில் கலப்பையோ டிராக்டரோ இறங்கலாகாது. மழையால் மண்ணின் மேல் படியும் மெல்லிய ஏடு மண்ணுக்குக் கவசம். கால் படாமல் அதைக் காக்க வேண்டும். பயிரிடும் நிலத்திலும் சோளம், கம்பு ஆகியவற்றை அறுக்கும்போது ஓர் அடித் தாளை நிறுத்தி அறுப்பது நன்று.

2. முள்ளும் ஓலையும் கொண்டு தடுப்பு. பனையோலை, முந்திரிக் கவாத்துக் கிளை, சோளத்தட்டை ஆகியவற்றைத் தரைக்கு மேல் 2 அடி நிற்கும்படி, காற்றுக்குக் குறுக்கே, அதாவது வடக்குத் தெற்காக, வரிசையாக ஊன்ற வேண்டும். வரிசைக்கு வரிசை 15 அடி விடலாம்; மேட்டுச் சரிவில் நெருக்கமாக வைக்க வேண்டும். சீமைக் கருவேல முள்ளைப் பயன்படுத்தினால் காய் முற்றுமுன் வெட்டிய முள்ளாக இருத்தல் வேண்டும். இல்லையேல் தடுப்பே தொல்லைக்கு விதையாகும்.

3. தரை மூடும் செடி. ஆடி, ஆவணியில் விழும் முதல் மழைக்குக் கொள்ளு, நரிப்பயறு, கொழிஞ்சி, சணப்பு ஆகியவற்றைக் கலந்து விதைக்கலாம். இவை காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளின் மூலம் மண்ணில் சேர்ப்பன. இவற்றுடன் கொழுக்கட்டைப் புல்லை விதைத்தால் மாட்டுக்குத் தீவனம் ஆகும். சரிவுகளில் வெட்டிவேர் வரிசை நிலத்தை ஆழமாகப் பற்றும். கடலூர்க் கடற்கரையில் ராவணன் மீசைப் புல்லும் அடப்பங்கொடியும் முதலில் மணலைப் பிடித்து, பின்னரே மற்றச் செடிகள் வருவதைக் காணலாம். இயற்கை கையாளும் வரிசை இது. முதலில் கொடியும் புல்லும், பிறகு புதர், அதன் பிறகே மரம்.

4. நீரை நிறுத்துதல். சமமட்ட வரப்புகளும், பிறை வடிவக் குழிகளும் ஆவணிக்குள் அமைய வேண்டும். குழிக்கு ஒரு கூடை ஏரி வண்டலும், ஒரு கூடை மக்கிய எருவும், பழைய தோப்பு மரத்தடியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணும் இடுக. அக்கைப்பிடி மண்ணில் வேருக்கு உதவும் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றது.

5. மர வரிசை. ஐப்பசி மழையில் நடுக. ஒரு மர வரிசை தன் உயரத்தைப் போல் 10 முதல் 15 மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தைத் தணிக்கும். மரம் 30 அடி உயர்ந்தால் 300 முதல் 450 அடி வரை காவல் கிடைக்கும். சதுரமான ஓர் ஏக்கரின் பக்கம் 208 அடியே ஆதலின், மேற்கு எல்லையில் உள்ள ஒருவருடைய வரிசை அடுத்தவர் நிலத்தையும் காக்கின்றது. தனித்தனியே ஒவ்வொருவரும் வேலி வைப்பதை விட, பத்து அங்கத்தினர் கூடி இரண்டு மூன்று வரிசைகளை ஒழுங்காக அமைப்பது மலிவும் பலனும் உள்ளதென்பது இதனால் விளங்கும். வரிசை சுவரைப்போல் அடர்ந்திருத்தல் கூடாது. அடர்ந்த சுவரைத் தாண்டும் காற்று மறுபுறம் சுழன்று விழுந்து மண்ணைக் கிளப்பும். பாதிக் காற்று இலைகளினூடே வடிந்து செல்வதே சிறந்தது. இடையில் மரம் பட்டுப்போன இடைவெளியையும் விடலாகாது. அவ்வழியே காற்று இருமடங்கு சினத்துடன் பாயும். மரத்தின் வேர் பயிருணவைப் பறிக்காமலிருக்க, வயல் பக்கம் 2 அடி ஆழத்துக்குப் பள்ளம் ஒன்று எடுத்து வைக்கலாம்.

எம்மரம் நடுவது?

சவுக்கு விரைவில் உயரும், தழைச்சத்தும் சேர்க்கும், நான்கைந்து ஆண்டில் பணமும் தரும். ஆனால் அதை ஒரே நாளில் முழுவதும் வெட்டினால் அன்றே காவலும் போய்விடும். ஆகவே ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை வெட்ட வேண்டும். மேற்கோரத்தில் ஆவாரையும் விராலியும், அடுத்து வேம்பும் புங்கனும் உசிலும், இடையிடையே பனையும் என்று கலந்து நடுதல் நலம். பனை வளர நாளாகும். ஆயினும் பேரன் காலத்துப் புயலுக்கும் நிற்கும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி வீசிய தானே புயலில் பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் ஒரே இரவில் சாய்ந்ததை நாம் மறக்கவில்லை. ஒரே வகை மரத்தை நம்பியிருத்தல் ஒரே கடன்காரனை நம்பியிருத்தலுக்கு ஒப்பாகும்.

சீமைக் கருவேலத்தை நடவே கூடாது. பொட்டலைப் பசுமையாக்கவும் விறகுக்காகவும் வேற்று நாட்டிலிருந்து வந்த அம்மரம், வறண்ட ஜில்லாக்களில் நிலத்தையும் ஏரிகளையும் அடைத்துக்கொண்டு, இன்று அதை அகற்றுவதற்கே அரசாங்கம் பாடுபடுகின்றது. பச்சையாகத் தெரிவதெல்லாம் மீட்சியன்று.

காட்டின் மீட்சி

புல்லும் நிழலும் உண்டான மூன்றாம் ஆண்டிலிருந்து நாட்டு மரங்களை நடலாம். எவை நம் நாட்டு மரங்கள் என்பதை அறியப் புத்தகம் வேண்டியதில்லை. ஐயனார் கோயில் தோப்புக்குச் சென்றால் போதும். புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் தோப்பு இத்தகைய பழங்காட்டின் எச்சமாக ஆராய்ச்சியாளராலும் போற்றப்படுகின்றது. வீரை, உலக்கைப்பாலை, காயா, கருங்காலி, காட்டெலுமிச்சை, நாவல், களா ஆகியவை இவ்வகைக் காட்டைச் சேர்ந்தவை. இவற்றின் விதைகளைத் தோப்பின் அடியில் பொறுக்கி, சங்கத்து நாற்றங்காலில் வளர்க்கலாம். தோப்பின் மரத்தையோ கன்றையோ தொடலாகாது.

இதனால் குடியானவனுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். புதர் வந்தால் கௌதாரியும் சின்னானும் மைனாவும் வரும். அவை உண்ட பழத்தின் விதையை எச்சத்தோடு இட்டு, கூலியில்லாமல் நடவு செய்யும். தேனீயும் மற்றப் பூச்சிகளும் பெருகினால் அண்டை முந்திரியில் காய்ப்பு நிறையும். ஆந்தை தங்க ஒரு பொந்து மரம் இருந்தால் மணிலாவைத் தின்னும் எலி குறையும். ஓய்வு நிலத்தில் நான்கு நீண்ட கழிகளைக் குறுக்குச் சட்டத்துடன் நட்டு வைத்தால் பறவைகள் அமர்ந்து செல்லும். கழியின் கீழே புதிய கன்றுகள் முளைப்பதை இரண்டாண்டில் காணலாம்.

ஆடு வளர்ப்போரின் பங்கு

இவ்வேலை பெரும்பாலும் கெடுவது காற்றினாலன்று, ஆட்டினால் என்பர். அது முழு உண்மையன்று. ஊரில் நிலமில்லாத குடும்பமே பெரும்பாலும் ஆடு வளர்க்கின்றது. கைவிட்ட நிலமே அதன் மேய்ச்சல். நிலமுள்ள நாம் சங்கத்தில் தீர்மானம் செய்து அந்நிலத்தை அடைத்துவிட்டால், ஓய்வு நமக்கு, பட்டினி அவர்களுக்கு. அத்தகைய வேலி ஓர் ஆண்டு கூட நில்லாது, நிற்பதும் நியாயமன்று.

ஆகையால் தீர்மானத்துக்கு முன்பே ஆடு வளர்ப்போரை, முக்கியமாக அவ்வீட்டுப் பெண்களை, அழைத்துப் பேச வேண்டும். எல்லா நிலத்தையும் ஒரே காலத்தில் அடைக்காமல், மூன்றில் ஒரு பங்காக மாற்றி மாற்றி அடைக்கலாம். அடைத்த இடத்தில் புல்லை அறுத்துச் செல்லும் உரிமையை அவர்களுக்கே கொடுக்கலாம். காவல் கூலியும் நாற்றங்கால் கூலியும் அவ்வீட்டாருக்கே முதலில் போகட்டும். அவர்களுக்கும் அதில் ஆதாயம் இருந்தால் அவர்களே காவலாவார்கள்.

சங்கத்தின் கடமை

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் செய்யத்தக்கவை வருமாறு: ஓய்வுக்கு ஏற்ற நிலங்களைச் சர்வே எண்ணுடன் குறித்தல்; காற்று வரும் மேற்கு எல்லையில் உள்ள அங்கத்தினருக்கு, அவர்கள் விடும் நிலத்துக்கு ஈடாக, பயனடையும் மற்றவர் கொடுக்க வேண்டிய பங்கை நிர்ணயித்தல்; ஆடு வளர்ப்போருடன் உடன்படிக்கை; சித்திரைக்குள் நாற்றங்கால்; வைகாசிக்கு முன் ஓலைத் தடுப்பு; ஆவணியில் வரப்பும் குழியும்; ஐப்பசியில் நடவு; ஆண்டுக்கு இருமுறை முளைக் கோட்டை அளந்து புத்தகத்தில் பதிதல். முதலாண்டில் ஐந்து ஏக்கர் போதும். ஐந்து ஏக்கரில் கன்று பிழைத்தால் அதுவே மற்றவருக்குப் பிரசாரம் செய்யும்.

ஆரம்பத்தில் லாபம் காண இயலாது என்பதை மறைக்கலாகாது. முதல் இரண்டு ஆண்டு செலவே. மூன்றாம் ஆண்டில் புல். ஐந்தாம் ஆண்டில் விறகும் கழியும். மண் தேறிய பிறகே மீண்டும் பயிர். ஒரு மில்லிமீட்டர் வளமண் உண்டாகப் பல ஆண்டுகள் செல்லும். அதை இழக்க ஓர் ஆடி மாதம் போதும். பூமிக்கடியில் உள்ள கரி ஒருமுறை எடுத்தால் தீர்ந்து போகும் செல்வம். அதற்கு மேலுள்ள மண்ணோ, காப்பாற்றினால் தலைமுறைதோறும் சோறு போடும் செல்வம். அங்கத்தினர் யாவரும் இவ்வாண்டு காற்று வருமுன் தத்தம் நிலத்தில் ஒரு முளையாவது அடித்துக் கோடு கீறி வைப்பார்களாக.